பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டிய தானம்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். மாட்டுக்கு அது பொருந்தலாம், காருக்குப் பொருந்தாது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

"காரை யார் தானம் கொடுக்கிறார்கள்?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இங்கே தானம் கொடுப்பது மனிதர் அல்லர், காரேதான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே சொந்தமாகக் கார் கட்டுகிறார்கள். இதற்குக் 'கிட் கார்' என்று பெயர். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்த சட்டகமும், ஃபைபர் கிளாஸ் அல்லது அலுமினியத்தால் ஆன மேலுடலும் ஒரு நிறுவனத்திடமிருந்து தனித்தனித் துண்டுகளாக வரும். சிலர் சட்டகத்தையும் தாமே செய்துகொள்வர். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், ஸ்டீயரிங், பிரேக் முதலியவற்றை ஒரு பழைய காரிலிருந்து கழற்றிப் பொருத்துவர். இவ்வாறு தன் உறுப்புகளைக் கொடுத்துவிட்டு மறையும் பழைய காரை அங்கே 'டோனர் கார்' என்கிறார்கள். நாம் 'கொடைக் கார்' என்று அழைப்போம். இரத்ததானம் செய்பவரைக் குறிக்கவும் அவர்களுக்கு அதே சொல்தான். இரத்தம் ஏற்றுமுன் பிரிவு பொருந்துகிறதா என்று பார்க்காத மருத்துவர் உண்டா? காருக்கும் அப்படியே.

எனக்கு இதில் என்ன அக்கறை?

சென்ற ஆண்டு நம் கல்லூரி அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு சிறிய நான்கு சக்கர வண்டி செய்ய முற்பட்டோம். ஒரு காயலான் கடையில் பழைய மொபெட் இன்ஜின் வாங்கினோம். இன்னொரு கடையில் சக்கரங்கள். வேறொரு கடையில் சங்கிலியும் பல்சக்கரமும். ஒவ்வொன்றையும் மலிவாக வாங்கிவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். பொருத்தத் தொடங்கியபோதுதான் உண்மை தெரிந்தது. பின் அச்சில் இருந்தது சைக்கிள் பல்சக்கரம். இன்ஜினில் இருந்தது மொபெட் பல்சக்கரம். இரண்டிலும் பற்களுக்கு இடையேயுள்ள தூரம் அரை அங்குலம்தான். ஆனால் பற்களின் தடிமன் வேறு. சைக்கிள் சங்கிலி இன்ஜினில் உட்காரவில்லை. மொபெட் சங்கிலி பின் அச்சில் ஆடிற்று. இன்ஜினைத் தாங்கும் தகடுகள் அதன் பழைய வண்டியோடு போய்விட்டன. கார்புரேட்டர் வேறு ஏதோ ஒரு வண்டியினுடையது.

கண்காட்சி நாளன்று எங்கள் வண்டி ஒரு துணியால் மூடப்பட்டு ஆய்வகத்தின் மூலையில் கிடந்தது. செலவு 4,300 ரூபாய். அதில் ஆயிரம் ரூபாய் என் அம்மா மகளிர் குழுவில் கடனாக வாங்கிக் கொடுத்தது. எங்கள் தெருவிலுள்ள பட்டறை அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நாலு வண்டியோட கையையும் காலையும் வாங்கியிருக்கீங்க தம்பி. ஒரே வண்டியா முழுசா வாங்கியிருக்கணும்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் கொடைக் காரின் தத்துவம் என்பது பிறகு இதைப்பற்றித் தேடிப் படித்தபோது எனக்கு விளங்கியது.

முழுக் காராக வாங்கினால் ஒன்றோடொன்று ஏற்கெனவே பொருந்தியிருக்கும் உறுப்புகள் கிடைக்கின்றன. இன்ஜினுக்கு ஏற்ற கிளட்ச், கிளட்சுக்கு ஏற்ற கியர்பாக்ஸ், அதற்கேற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஆக்சிலுக்கு ஏற்ற பிரேக் என்று எல்லாம் ஒரே குடும்பமாக வருகின்றன. ஒரு சிறு கொக்கியோ போல்ட்டோ தேவைப்பட்டால்கூட அது அந்தக் காரிலேயே இருக்கும்.

சிறிது வரலாறு

இக்கலை இங்கிலாந்தில் பழையது. 1922 முதல் 1939 வரை விற்பனையான 'ஆஸ்டின் செவன்' என்னும் சிறு கார் ஏழைகளின் கார் எனப் பெயர் பெற்றது. போருக்குப் பின் அவை பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தபோது, இளைஞர்கள் வாங்கிப் பந்தயக் கார்களாக மாற்றினார்கள். அவ்விளைஞர்களுள் ஒருவர் காலின் சாப்மன். 1948-இல் பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைக் கொண்டு அவர் செய்ததே முதல் 'லோட்டஸ்' கார். பின்னாளில் உலகப் பந்தயங்களை வென்ற நிறுவனத்தின் தொடக்கம் ஒரு கொடைக் கார்தான்!

1957-இல் அவர் 'லோட்டஸ் செவன்' என்னும் காரை வெளியிட்டார். கதவில்லை, கூரையில்லை, இரண்டு இருக்கை, எடை ஏறக்குறைய 500 கிலோ. இதனைத் துண்டுகளாகவும் விற்றார்கள். அந்நாளில் இங்கிலாந்தில் முழுக் காருக்கு விற்பனை வரி அதிகம். துண்டுகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அவ்வரி இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி விழும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஒரு சுவையான செய்தி வழங்குகிறது. 1973-இல் அந்த வரிமுறையே மாறியது. அதே ஆண்டில் இக்காரைச் செய்யும் உரிமை 'கேட்டரம்' நிறுவனத்திற்குச் சென்றது.

1996-இல் ரான் சாம்பியன் என்பவர் 250 பவுன் செலவில் இத்தகைய காரை வீட்டில் கட்டுவது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். சட்டகத்துக்கான குழாய்களை எத்தனை அளவில் வெட்ட வேண்டும் என்பது முதல் அதில் இருந்தது. அதைப் படித்துக் கட்டிய கார்களுக்கு 'லோகாஸ்ட்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்நூல் சொன்ன கொடைக் கார் ஃபோர்டு எஸ்கார்ட். ஏன் எஸ்கார்ட்? இந்தக் கேள்விக்கு விடை கண்டால் தேர்வின் இலக்கணம் முழுவதும் நமக்கு விளங்கிவிடும்.

முதல் இலக்கணம்: இன்ஜின் எங்கே? ஓடும் சக்கரம் எது?

லோட்டஸ் செவன் வகைக் காரில் இன்ஜின் முன்னால் நீளவாக்கில் இருக்கும். அதன் பின்னே கியர்பாக்ஸ். அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவே சென்று பின் சக்கரங்களைச் சுழற்றும். ஆகவே கொடைக் காரும் அதே அமைப்பில் இருக்க வேண்டும். 1968 முதல் 1980 வரை வந்த முதல் இரண்டு தலைமுறை எஸ்கார்ட்கள் அத்தகையவை. 1980-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் இன்ஜின் குறுக்காகத் திரும்பி, முன் சக்கரங்களை ஓட்டலாயிற்று. பெயர் ஒன்றே, ஆனால் செவன் கட்டுபவருக்குப் பிந்தையது பயன்படாது. பெயரைப் பார்த்து வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான்.

அப்படியானால் முன் சக்கரம் ஓடும் கார்கள் கொடைக்கே உதவாதா? உதவும். அவற்றில் இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டாக இருக்கின்றன. அந்தக் கட்டை அப்படியே தூக்கி இருக்கைகளுக்குப் பின்னால் வைத்தால், அது பின் சக்கரங்களை ஓட்டும். நடு இன்ஜின் கிட் கார்கள் பல இவ்வகையே. ஆனால் அதற்கென வகுத்த சட்டகம் வேண்டும். கியர் மாற்றும் கம்பியும் ரேடியேட்டர் குழாய்களும் நீளும்; முன்பின் எடைப் பங்கு மாறுவதால் பிரேக்கின் முன்பின் பங்கீட்டையும் மாற்ற வேண்டும். எனவே விதி இதுதான்: முதலில் எந்தக் கிட் என்று முடிவு செய், பிறகு கொடைக் காரைத் தேடு. மலிவாகக் கிடைத்தது என்று காரை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கிட் தேடுவது, கடிவாளம் வாங்கிவிட்டுக் குதிரை தேடுவது போன்றது.

இரண்டாம் இலக்கணம்: எடையும் இயற்பியலும்

நம் பாடத்தில் வரும் நியூட்டனின் இரண்டாம் விதி இங்கே உயிர்பெறுகிறது. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் எடை ஏறக்குறைய 950 கிலோ. அதன் இன்ஜின் முதலியவற்றைக் கழற்றி 600 கிலோ எடையுள்ள ஒரு கிட் காரில் பொருத்துவதாகக் கொள்வோம். ஓட்டுநருக்கு 75 கிலோ சேர்த்தால், 1,025 கிலோவை இழுத்த அதே விசை இப்போது 675 கிலோவை இழுக்கிறது. முடுக்கம் ஒன்றரை மடங்காகிறது. இன்ஜினில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் கிடைத்த ஆதாயம் இது! ஆகையால் கொடைக் காரில் பெரிய இன்ஜினைத் தேட வேண்டியதில்லை. எடை குறைந்த, நல்ல நிலையிலுள்ள சாதாரண இன்ஜினே போதும்.

ஆனால் இதே எடைக் குறைவு இன்னொரு பக்கம் தொல்லை தருகிறது. சுருள்வில்லின் அதிர்வெண் வில் மாறிலியைத் தாங்கும் நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்ததற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று நாம் ஆய்வகத்தில் கண்டிருக்கிறோம். 950 கிலோ காருக்கான வில்லை 600 கிலோ காரில் வைத்தால், அதிர்வெண் ஏறத்தாழக் கால் பங்கு கூடிவிடும். சக்கரம் மேட்டில் ஏறும்போதெல்லாம் கார் துள்ளும். துள்ளும்போது டயர் சாலையைப் பற்றாது. ஆகவே கொடைக் காரின் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. எடைக்கேற்பப் புதிதாக வாங்குவார்கள். கொடையாக வருவதையெல்லாம் ஏற்பது தேர்வு ஆகாது. எதை ஏற்கக் கூடாது என்று அறிவதும் அதில் அடங்கும்.

மூன்றாம் இலக்கணம்: அகலமும் உயரமும்

இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கொடைக் காரின் ஆக்சிலே தீர்மானிக்கிறது. ஆக்சில் அகலமாக இருந்து மேலுடல் குறுகலாக இருந்தால் சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். எஸ்கார்ட் ஒடுக்கமான கார். செவன் வகை உடலுக்கு அதன் ஆக்சில் ஏற்றது. அகலமான காரைக் கொடையாகக் கொண்டால் சட்டகத்தையும் அகலமாகக் கட்ட வேண்டும்.

உயரத்தையும் அளக்க வேண்டும். செவனின் முன்மூடி மிகத் தாழ்வானது. உயரமான இன்ஜின் மேலே முட்டும். கீழே இறக்கினால் எண்ணெய்த் தொட்டி சட்டகத்துக்கு அடியில் தொங்கி, வேகத்தடையில் இடித்து உடையும். எண்ணெய் ஒழுகினால் இன்ஜின் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். இதற்காகவே ஆழங்குறைந்த எண்ணெய்த் தொட்டியைத் தனியாகச் செய்து பொருத்துகிறார்கள். அளவுநாடாவோடு செல்லாதவர் பின்னால் பணத்தோடு செல்ல நேரும்.

பீட்டில் கொடுத்த கொடை

அமெரிக்காவில் வேறொரு வழி பிறந்தது. வோக்ஸ்வாகன் பீட்டிலில் மேலுடலைக் கழற்றி எடுத்துவிட்டாலும், அடித்தட்டு தனியே நிற்கும். இன்ஜின், சக்கரம், ஸ்டீயரிங் எல்லாம் அதிலேயே இருக்கும். இன்ஜின் காற்றால் குளிர்வது. ஆதலால் ரேடியேட்டரே இல்லை. இரண்டு கோடிக்கு மேல் செய்யப்பட்ட கார் ஆகையால் உதிரி பாகத்துக்கும் பஞ்சமில்லை.

கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964-இல் 'மேயர்ஸ் மேன்க்ஸ்' என்ற மணற்பரப்புக் காரை உருவாக்கினார். முதலில் செய்த 12 கார்களில் மேலுடலே சட்டகமாகவும் இருந்தது, செலவு மிகுந்தது. பிறகு அவர் பீட்டிலின் அடித்தட்டையே எடுத்து, நடுவில் ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் வெட்டிக் குறுக்கி, அதன்மேல் ஃபைபர் கிளாஸ் உடலை வைக்கும்படி மாற்றினார். விலை குறைந்தது, ஐயாயிரத்துக்கு மேல் விற்றது. கொடைக் காரிடமிருந்து எவ்வளவு அதிகமாக வாங்கிக்கொள்கிறோமோ, அவ்வளவுக்குச் செலவு குறையும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. எஸ்கார்ட்டின் உடல் முழுதும் துருப்பிடித்திருந்தாலும் கவலையில்லை, அது எறியப்படுவதே. பீட்டிலில் அடித்தட்டே புதிய காரின் முதுகெலும்பு. அது துருப்பிடித்திருந்தால் கொடையே வீண்.

கொடைக்கும் ஒரு பருவம் உண்டு

250 பவுன் நூல் வெளிவந்தபோது எஸ்கார்ட்கள் பழைய இரும்புக் கிடங்குகளில் கிடந்தன. இன்று அவை அரும்பொருள்கள். பழம் கார் விரும்பிகள் பெரும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அவற்றை வெட்டுவது மூடத்தனம். எஸ்கார்ட்டுக்குப் பின் ஃபோர்டு சியரா அவ்விடத்தைப் பிடித்தது. 1982 முதல் 1993 வரை விற்ற அக்காரும் பின் சக்கரத்தால் ஓடுவது. அதில் ஐந்து கியர் பெட்டியும் கிடைத்தது. அதுவும் அருகிவரவே, 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 கொடைக் காராயிற்று.

இதிலிருந்து ஒரு பொது விதியைக் காணலாம். ஏராளமாக விற்றிருக்க வேண்டும். மலிவாகும் அளவுக்குப் பழையதாக இருக்க வேண்டும். ஆனால் மதிப்பு ஏறும் அளவுக்குப் பழையதாகிவிடக் கூடாது. வாழைத்தார் பழுக்கும் பருவம் போன்றது இது. முந்தினால் விலை அதிகம், பிந்தினால் கிடைக்காது.

வாங்குமுன் பல்லைப் பாருங்கள்

இங்கிலாந்தில் பழைய கார்கள் ஆண்டுதோறும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுவதால், இன்ஜின் நன்றாக இருக்கும்போதே உடல் அரித்துத் தேர்வில் தோற்கும் கார்கள் பல. எம்எக்ஸ்-5 காரில் பக்கவாட்டு அடிப்பகுதியும் பின் சக்கர வளைவும் அரிப்பது வழக்கம். கிட் கட்டுபவருக்கு இதைவிட நல்ல கொடை இல்லை. உடல் அழிந்து, உயிர் கெடாத கார் அது.

இன்னொரு வகை, விபத்தில் அடிபட்டுக் காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட கார். 2017 முதல் அங்கே இவற்றை ஏ, பி, எஸ், என் என நான்கு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். ஏ வகுப்புக் காரின் எந்த உறுப்பையும் எடுக்கக் கூடாது. முழுவதும் நசுக்கப்பட வேண்டும். பி வகுப்பில் உடல் சாலைக்குத் திரும்பக் கூடாது. ஆனால் உறுப்புகளை எடுத்துக்கொள்ளலாம். இவ்வகைக் காரை வாங்கும்போது எந்தப் பக்கம் அடிபட்டது என்று பார்க்க வேண்டும். முன்னால் மோதிய காரின் முன் சக்கரத் தாங்கிகள் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்திருக்கலாம். வளைந்த தாங்கி புதிய காரை என்றும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

கழற்றுமுன் ஓட்டிப் பார்ப்பது முதன்மையானது. கியர் தானாக நழுவுகிறதா? ஆக்சில் ஊளையிடுகிறதா? புகை நீலமாக வருகிறதா? நீலப் புகை, இன்ஜின் எண்ணெயை எரிக்கிறது என்பதன் அடையாளம். ஓட்டிப் பார்த்த குறை தெரிந்த குறை. கழற்றிய பிறகு எல்லாக் குறையும் மறைந்திருக்கும் குறையே. ஓட இயலாத காராயின் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையாவது அளக்க வேண்டும்.

இக்காலக் கார்களில் இன்ஜினைக் கணினியே ஆள்கிறது. அக்கணினி, ஒயரிங், உணரிகள், திருட்டைத் தடுக்கும் பெட்டி, சாவி ஆகிய அனைத்தும் ஒரே காரிலிருந்து வர வேண்டும். இன்ஜினை ஓர் இடத்திலும் சாவியை வேறிடத்திலும் வாங்கியவரின் கார் பெரும்பாலும் உயிர்பெறாது. மேலும், கழற்றும் ஒவ்வோர் ஒயருக்கும் சீட்டு ஒட்டிவைக்காதவர் பின்னால் நூல் சிக்கலில் அகப்பட்ட கோழிக்குஞ்சு ஆவார்.

இறுதியாக ஆவணங்கள். அங்கே வீட்டில் கட்டிய காரைச் சாலையில் ஓட்ட, அரசின் தனி ஆய்வில் அது தேற வேண்டும். இன்ஜினின் வயதைப் பொறுத்துப் புகைக் கட்டுப்பாட்டு அளவு வேறுபடும். ஆதலால் கொடைக் காரின் பதிவேடும் வாங்கிய ரசீதும் இன்ஜினைப் போன்றே விலைமதிப்புள்ளவை.

நம் நாட்டில்?

நம் நாட்டுச் சாலையில் இதனைச் செய்ய இயலாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில், தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. கூட்டம் மிகுந்த நம் சாலைகளை நினைத்தால் இத்தடை நியாயமே எனலாம்.

ஆனால் பந்தயத் திடலில் நம் தமிழ்நாட்டவர் ஒருவர் இக்கலையைக் கையாண்டிருக்கிறார். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வசதியற்ற இளைஞர்களுக்காக, மாருதி 800 காரின் இன்ஜினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். அதுவே ஃபார்முலா மாருதி. எளிதில் கிடைக்கும், எந்த ஊர்ப் பட்டறையிலும் பழுதுபார்க்கக்கூடிய மூன்று சிலிண்டர் இன்ஜின் அது. நரேன் கார்த்திகேயன் தம் தொடக்க காலப் பந்தயங்களை அதில்தான் ஓட்டினார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்திலுள்ள பந்தயத் திடல் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நல்ல கொடையைத் தேர்ந்தெடுத்தவர், தாமும் பலருக்குக் கொடையானார்.

நிறைவாக

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பார்கள். கொடைக் காரும் அப்படித்தான். உறுப்புகளை எடுத்த பின் எஞ்சும் கதவு, கண்ணாடி, இருக்கை ஆகியவற்றை விற்றே வாங்கிய பணத்தில் ஒரு பகுதியை மீட்கிறார்கள். ஆனால் யானையை முழுதாக வாங்கியவருக்குத்தான் அந்தப் பொன். தந்தத்தை ஓரிடத்திலும் காலை ஓரிடத்திலும் வாங்கிய எங்களுக்கு இல்லை.

மூலையில் கிடந்த எங்கள் வண்டியை இவ்வாண்டு நாங்கள் பிரித்தோம். சக்கரங்களும் சங்கிலியும் காயலான் கடைக்கே திரும்பின. அறுநூறு ரூபாய் கிடைத்தது. அதனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இன்ஜினை மட்டும் விற்கவில்லை. அதே வகை மொபெட் ஒன்று முழுதாக, பதிவு நீக்கிய சான்றோடு, எங்கேனும் கிடைக்குமா என்று பட்டறை அண்ணன் விசாரித்து வருகிறார். கிடைத்தால் இம்முறை அளவுநாடாவோடு செல்வோம். வரும் கண்காட்சியில் துணியை விலக்கிக் காட்டுவோம் என்ற நம்பிக்கை இருக்கிறது.